பூட்டும் அதன் குழியும்

பழைய மேசையை வாங்க வருபவர் முதலில் மேல்பலகையைத் தடவிப் பார்ப்பார், பிறகு குனிந்து கால்களைப் பார்ப்பார். பூட்டின் முறை வரும்போது "சாவி இருக்கா?" என்று ஒரு கேள்வி, அதோடு முடிந்தது. சாவியை எப்படியும் செய்துகொள்ளலாம். அதைவிட முக்கியமான கேள்வி, இந்தப் பூட்டு இந்த மரத்தில் முதல்நாளிலிருந்தே இருக்கிறதா என்பதுதான்.

ஒரு மரச்சாமானில் எளிதில் மாற்றக்கூடியவை பூட்டும் கைப்பிடியும். நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் பூட்டு கையோடு வந்துவிடும். அதனால் பூட்டில் இருக்கும் முத்திரையை மட்டும் வைத்து மேசையின் வயதைச் சொல்வது பெரும் தவறு. பூட்டு உட்கார்ந்திருக்கும் குழியை யாரும் கழற்றிக்கொண்டு போக முடியாது. எந்தப் பூட்டு முதலில் இருந்தது, எத்தனை தடவை மாறியது, எப்போது உடைக்கப்பட்டது என்பதெல்லாம் அந்தக் குழியில் பதிந்திருக்கும்.

இங்கே 18, 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய மரச்சாமான் பூட்டுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். பித்தளைப் பட்டை கட்டிய பயணப் பெட்டிகள், சாய்வுப் பலகை வைத்த எழுதுபெட்டிகள், தேக்கு அலமாரிகள் என்று நம் ஊர்களில் தங்கிவிட்ட காலனிக் காலச் சாமான்கள் பலவற்றிலும் இந்த வகைப் பூட்டுகள்தான். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் இழுப்பறைகளைத் திறந்து பார்ப்பவருக்கும் இது உதவும்.

இழுப்பறையை முழுதாக வெளியே எடுங்கள்

முன்பக்கம் நின்று சாவித்துளையை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். இழுப்பறையை வெளியே இழுத்து, முன்பலகையின் உட்பக்கத்தை வெளிச்சத்தில் காட்டுங்கள். பூட்டு மரத்தோடு எப்படிச் சேர்ந்திருக்கிறது என்பதில் மூன்று வகை உண்டு. மரத்தை வெட்டாமல் மேலேயே வைத்து ஸ்க்ரூ போட்டிருப்பது எளிய வகை. மலிவான அலமாரிக் கதவுகளில் இது அதிகம். மரத்தில் குழி வெட்டி, பூட்டின் முதுகுத் தகடு பலகையோடு ஒரே மட்டமாக இருக்கும்படி பதித்திருப்பது இரண்டாவது. நல்ல மேசைகளின் இழுப்பறைகளில் பெரும்பாலும் இதுதான். பலகையின் கனத்துக்குள்ளேயே பூட்டு முழுதாகப் புதைந்து, ஓரத்தில் தகட்டுக் கீற்று மட்டும் தெரிவது மூன்றாவது வகை.

இரண்டாவது வகையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். முதுகுத் தகடும், அதன் மேல்விளிம்பில் செங்கோணமாக மடிந்து நிற்கும் விளிம்புத் தகடும் சேர்ந்ததுதான் பூட்டின் எலும்புக்கூடு. நாக்கு, அதாவது சாவியைத் திருப்பினால் நகர்ந்து பூட்டும் துண்டு, அந்த விளிம்புத் தகட்டின் துளை வழியாக வெளியே வரும். நாக்கும் ஸ்பிரிங்கும், நாக்கை நகரவிடாமல் பிடித்திருக்கும் லீவர் தகடுகளும் முதுகுத் தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவே, மூடித்தகடு ஒன்றால் மூடப்பட்டிருக்கும். ஆகவே ஆசாரி மூன்று ஆழங்களில் வெட்டியாகவேண்டும்: உள்ளிருக்கும் பெட்டிக்கு ஆழமான குழி, முதுகுத் தகட்டுக்கு அதன் கனமளவு மட்டும் ஆழமுள்ள அகன்ற குழி, பலகையின் மேல்விளிம்பில் விளிம்புத் தகட்டுக்கு மெல்லிய படி. மூன்றும் பூட்டோடு மயிரிழை இடைவெளியில் பொருந்தினால் அது பிறந்த இடத்திலேயே இருக்கும் பூட்டு என்று பெரும்பாலும் நம்பலாம்.

பொருந்தாவிட்டால் கவனியுங்கள். தகட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் இடைவெளி விட்டு, அதை மரத்துண்டால் அடைத்திருப்பார்கள். உளி பட்ட இடம் மற்ற இடத்தைவிட வெளிறியிருக்கும். பயன்படாத ஸ்க்ரூ துளைகள் இரண்டு மூன்று தனியே நிற்கும். முன்பக்கச் சாவித்துளை மேலோ கீழோ நீண்டிருக்கும், அல்லது ஒரு பகுதியில் மரம் வைத்து அடைத்திருக்கும். இவற்றில் ஒன்று இருந்தாலும் பூட்டு மாறியிருக்கிறது என்று பொருள். மாறிய பூட்டு குற்றமில்லை. 1790இல் செய்த மேசைக்கு 1860இல் புதுப் பூட்டு போட்ட குடும்பம் அந்த மேசையை உபயோகித்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் விலை சொல்பவர் "எல்லாமே ஒரிஜினல்" என்றால், குழியைக் காட்டிக் கேட்கலாம்.

நான்கு இழுப்பறை உள்ள பெட்டகத்தில் எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி என்பதுதான் அந்தக் காலத்து வழக்கம். மூன்று பூட்டுகள் ஒரே அச்சாகவும் ஒன்று மட்டும் வேறாகவும் இருந்தால் எது பின்னால் வந்தது என்று சொல்லத் தேவையில்லை. நான்கும் வேறு வேறாக இருந்தால், இரண்டு மூன்று சாமான்களின் பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்களா என்று இழுப்பறைகளின் மூலைப் பொருத்தங்களையும் பார்த்துவிடுங்கள்.

நாக்கு எந்தப் பக்கம் போகிறது

பூட்டின் பெயர் தெரியாவிட்டாலும் நாக்கின் போக்கை வைத்து அது எதற்குச் செய்யப்பட்டது என்று கண்டுபிடிக்கலாம். இழுப்பறைப் பூட்டில் நாக்கு மேலே எழுந்து, மேலுள்ள குறுக்குச் சட்டத்தின் துளைக்குள் நுழையும். கதவுப் பூட்டில் பக்கவாட்டில் போகும். இதில் இடக்கை, வலக்கை வேறுபாடு உண்டு. சாவித்துளை எப்போதும் நேராக நிற்கவேண்டும் என்பதால், இடப்பக்கக் கதவின் பூட்டை அப்படியே திருப்பி வலப்பக்கத்தில் போட முடியாது, துளை தலைகீழாகிவிடும். சில பூட்டுகளில் மூடித்தகட்டின் துளையை இரண்டு மூன்று திசைகளில் வெட்டி, எந்தப் பக்கமும் போடலாம் என்று வைத்திருப்பார்கள்.

பெட்டிப் பூட்டில் நாக்கு வெளியே வரவே வராது. மூடியில் இருக்கும் கொக்கித் தகடு மேலிருந்து இறங்கிப் பூட்டுக்குள் நுழையும். உள்ளேயே நாக்கு பக்கவாட்டில் நகர்ந்து கொக்கிகளைப் பிடித்துக்கொள்ளும். கொக்கித் தகடும் பூட்டும் ஒரு ஜோடி. ஒன்று தொலைந்தால் இன்னொன்றுக்குப் பொருந்துகிற மாதிரி வேறொன்று கிடைப்பது அபூர்வம், அதனால் கொக்கித் தகடு இல்லாத பெட்டியை வாங்கும்போது விலையில் அதைக் கழியுங்கள். சுருள்மூடி மேசையில் நாக்கே கொக்கி வடிவில் வளைந்திருக்கும். நேரான நாக்காக இருந்தால் மூடியை மேலே தூக்கும்போது அது வழுக்கிவிடுமல்லவா?

உள்ளே என்ன இருக்கிறது

சாவித்துளையில் டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் கம்பிபோன்ற பின் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் அதற்குக் குழல் சாவி, அதாவது தண்டு உள்ளே துளையுள்ள சாவி வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் திறக்கும் பூட்டுகளுக்கு, அதாவது இழுப்பறைக்கும் பெட்டிக்கும், இதுதான் வழக்கம். சாவி அந்தப் பின்னையே அச்சாகக்கொண்டு சுழலும்.

சாவி கையில் இருந்தால் பூட்டைத் திறக்காமலே வகையைச் சொல்லிவிடலாம். பல்லின் பக்கவாட்டிலிருந்து உள்ளே வெட்டிய காடிகள் இருந்தால் அது தடுப்பு வளையப் பூட்டு. பூட்டுக்குள் நிலையாக நிற்கும் வளையத் தகடுகள் அந்தக் காடிகள் வழியே போகும், வேறு சாவியைத் தடுக்கும். இதன் பலவீனம் வெளிப்படையானது. நாக்கை நகர்த்துவது பல்லின் நுனி மட்டுமே. நடுவில் உள்ளதையெல்லாம் அராவி எடுத்துவிட்டு நுனியை மட்டும் விட்டால், அந்தச் சாவி தடுப்புகளைத் தொடாமலே பல பூட்டுகளைத் திறக்கும். பழம்பொருள் கடைகளில் கொத்தாகத் தொங்கும் சாவிகளில் ஒன்று "எப்படியோ" பொருந்துவதற்கும் இதே காரணம்தான்.

பல்லின் வெளிவிளிம்பு படிப்படியாக ஏறி இறங்கினால் அது லீவர் பூட்டு. 1778இல் ராபர்ட் பாரன் என்பவர் இங்கிலாந்தில் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன் இருந்த பூட்டில் நாக்கைப் பிடித்திருக்கும் துண்டைத் தூக்கிவிட்டால் போதும், எவ்வளவு உயரம் தூக்கினாலும் நாக்கு நகரும். பாரன் செய்த மாற்றம், அளவுக்குக் குறைந்தாலும் நகராது, மிஞ்சினாலும் நகராது என்பது. ஒவ்வொரு லீவரிலும் வெட்டிய வாசல் ஒன்று இருக்கிறது. நாக்கில் முளை ஒன்று இருக்கிறது. எல்லா லீவரின் வாசலும் ஒரே மட்டத்துக்கு வந்தால்தான் முளை கடந்துபோகும். இன்றைக்கும் இந்தத் தத்துவம் மாறவில்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டின் உள்ளேயும் லீவர்கள்தான் வேலை செய்கின்றன.

சாவித்துளைக்குப் பதிலாக வட்டமான பித்தளை முனை தெரிந்தால் நின்று பாருங்கள். அது ப்ராமா வகைப் பூட்டு. ஜோசப் ப்ராமா 1784இல் காப்புரிமை பெற்றது. சாவி சிறு குழாய். அதன் நுனியில் வெவ்வேறு ஆழத்தில் நீளவாக்கில் வெட்டிய காடிகள் இருக்கும். சாவியை ஸ்பிரிங்குக்கு எதிராக உள்ளே அழுத்தும்போது அந்தக் காடிகள் தத்தம் தகடுகளை வெவ்வேறு தூரம் தள்ளும். எல்லாம் சரியான இடத்துக்கு வந்தபின்தான் உருளை திரும்பும். லண்டன் பிக்கடிலியில் 124ஆம் எண் கடையின் ஜன்னலில், 18 தகடுகள் கொண்ட ப்ராமா பூட்டை வைத்து, திறப்பவருக்கு 200 கினி (பழைய ஆங்கிலேய நாணயம்) என்று எழுதி வைத்திருந்தார்கள். 1851 பெருங்கண்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஆல்ஃப்ரெட் சார்ல்ஸ் ஹாப்ஸ், 16 நாட்களில் பரவிய 51 மணி நேர வேலையில் அதைத் திறந்தார். அந்தப் பூட்டு இப்போது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மேசையில் ப்ராமா பூட்டு இருந்தாலே அது முதல்தரச் சாமான் என்று சொல்லிவிடுவார்கள். அவசரப்படவேண்டாம். நல்ல பூட்டு வேண்டும் என்று பிற்காலத்தில் பழைய மேசைக்கு இதை மாற்றிப் போட்டவர்கள் பலர். கண்டுபிடிப்பது சுலபம்: சாதாரணச் சாவித்துளைக்கு வட்டமும் அதன் கீழே வாலும் உண்டு, ப்ராமாவுக்கு வட்டம் மட்டுமே. வட்டத்தின் கீழே சிறிய மரத்துண்டு வைத்து அடைத்த தடம் தெரிந்தால் பூட்டு பின்னால் வந்தது.

முத்திரைகளை எவ்வளவு நம்பலாம்

முத்திரை பெரும்பாலும் முதுகுத் தகட்டிலோ விளிம்புத் தகட்டிலோ இருக்கும். கிரீடமும் "வி.ஆர்." எழுத்துகளும் இருந்தால் விக்டோரியா காலம், 1837க்கும் 1901க்கும் நடுவே. "டபிள்யூ.ஆர்." என்றால் நான்காம் வில்லியம், 1830 முதல் 1837 வரை. "ஜி.ஆர்." தான் ஏமாற்றும். 1714 முதல் 1830 வரை ஆண்டவர்கள் எல்லோரும் ஜார்ஜ்கள். 1910 முதல் 1952 வரை, நடுவில் எட்வர்டின் சில மாதங்கள் தவிர, மறுபடியும் ஜார்ஜ்கள். "ஜி.ஆர்." பார்த்ததும் 18ஆம் நூற்றாண்டு என்று குதிக்காமல் உலோக வேலையைப் பாருங்கள். லீவர்களில் ஒன்றுக்கொன்று மாறுபட்ட அரத்தின் கீறல்கள் இருந்தால் கைவேலை. எல்லாம் ஒரே அச்சில் குத்தி எடுத்ததுபோல் இருந்தால் தொழிற்சாலை வேலை.

பெயர் முத்திரை கீழ் எல்லையைத் தரும். சப் என்ற ஆங்கிலேய நிறுவனத்துப் பூட்டின் துப்பறியும் லீவர் 1818ஆம் ஆண்டுக் காப்புரிமை. தவறான சாவியால் லீவரை அளவுக்கு மேல் தூக்கினால் அது மாட்டிக்கொண்டு, யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று உரியவருக்குக் காட்டிக்கொடுக்கும். "ஹாப்ஸ்" என்று முத்திரை இருந்தால் 1851க்கு முன்னால் இருக்க வழியில்லை. ப்ராமா பூட்டைத் திறந்த பிறகுதான் ஹாப்ஸ் லண்டனில் இயந்திரத்தால் பூட்டு செய்யத் தொடங்கினார். அமெரிக்கச் சாமான்களில் "ஈகிள் லாக்" என்று இருந்தால் 1854இல் கனெக்டிகட் மாநிலத்தின் டெர்ரிவில் ஊரில் தொடங்கிய நிறுவனம். அமெரிக்கப் பூட்டுகளில் காப்புரிமைத் தேதியையே குத்தியிருப்பது உண்டு. அந்தத் தேதிக்குப் பின்னால் செய்தது என்று மட்டும் கொள்ளுங்கள், அந்த ஆண்டே செய்தது என்று அல்ல. "பேட்டன்ட்" என்ற ஒற்றைச் சொல்லுக்கு எந்த மதிப்பும் கொடுக்காதீர்கள். விற்பனைக்காக எல்லோரும் குத்திய சொல் அது.

பெயரே இல்லாத பூட்டுகள்தான் அதிகம். அவற்றில் பெரும் பகுதி இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனிலும் பக்கத்து வில்லன்ஹாலிலும் சிறு பட்டறைகளில் செய்தவை. வில்லன்ஹாலுக்குக் "கூனூர்" என்று பொருள்படும் பட்டப்பெயர் உண்டு. சிறுவயதிலிருந்து பிடிசிராவி முன் குனிந்து அராவியே முதுகு வளைந்துபோன தொழிலாளிகளால் வந்த பெயர். பெயரில்லாத பித்தளைத் தகடு ஒன்றைக் கழற்றும்போது இதை நினைத்துக்கொண்டால் கை கொஞ்சம் மெதுவாகப் போகும்.

ஸ்க்ரூவையும் ஒன்று கழற்றிப் பாருங்கள். நுனி மழுங்கியிருந்து, தலையிலுள்ள வெட்டு நடுவில் இல்லாமல் ஒதுங்கியிருந்தால் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தைய ஸ்க்ரூவாக இருக்கும். கூர்நுனி ஸ்க்ரூ இயந்திரத்தில் பரவலானது 1840களுக்குப் பின்னால். மழுங்கல் ஸ்க்ரூவுக்கு வெட்டிய துளையில் கூர் ஸ்க்ரூ இருந்தால், பூட்டை யாரோ ஒருமுறையாவது கழற்றியிருக்கிறார்கள்.

திறக்காத பூட்டு

மாட்டிக்கொண்ட பூட்டுகளில் பல, உண்மையில் கெட்டுப்போனவை அல்ல. நாக்கு அதன் துளைக்குள் இறுகியிருக்கிறது, அவ்வளவே. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஊதும்போது இது சகஜம். சாவியைத் திருகிக்கொண்டே இழுப்பறையைக் கீழே அழுத்துங்கள், பிறகு உள்ளே தள்ளுங்கள், பிறகு மேலே தூக்குங்கள். எந்த நிலையில் சாவி லேசாகிறதோ அதுதான் வழி. சாவிக்கு இரண்டு விரல்களின் பலத்துக்கு மேல் கொடுக்கக்கூடாது. குழல் சாவியின் குழாய் பிளந்துவிடும், அல்லது பல் ஒடிந்து உள்ளே விழும். மழைக்காலத்தில் இறுகுகிறது என்பதற்காக இழைப்புளி எடுக்காதீர்கள். மாசி, பங்குனியில் மரம் சுருங்கியதும் அந்த இடம் இடைவெளியாகிவிடும்.

எதிர்மாறான கோளாறும் உண்டு. பல ஆண்டு உபயோகத்தில் இழுப்பறையின் அடிவிளிம்பு தேய்ந்து, இழுப்பறை இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறங்கிவிடும். நாக்கு மேல்சட்டத்தை எட்டாது, பூட்டியும் திறந்துகொள்ளும். பலர் பூட்டு போய்விட்டது என்று புதிது போடுகிறார்கள். செய்யவேண்டியது, தேய்ந்த விளிம்பில் அதே ஜாதி மரத்தில் பட்டி ஒட்டி இழுப்பறையைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவருவது.

சாவியே இல்லையென்றால் மேலுள்ள இழுப்பறையை எடுத்துவிட்டு உள்ளே பாருங்கள். இரண்டு இழுப்பறைக்கும் நடுவே தூசிப் பலகை இல்லாவிட்டால், கையை விட்டு உள்ளிருப்பதை எடுக்கலாம், பூட்டின் ஸ்க்ரூக்களையும் எட்டலாம். பலகை இருந்தால், முதுகுப் பலகை எப்படி மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். பலவற்றில் நாலைந்து ஆணிதான். தட்டை இரும்பை நுழைத்து நெம்புவது மட்டும் வேண்டாம். நெம்பினால் பூட்டு உடையாது, மேல்சட்டத்தின் விளிம்புதான் பிய்ந்துவரும்.

கழற்றி, துடைத்து, சாவி செய்ய

ஸ்க்ரூ தலையின் வெட்டில் நீளத்திலும் கனத்திலும் முழுதாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவரை மட்டும் போடுங்கள். இறுகியிருந்தால் பற்றவைக்கும் சோல்டரிங் அயர்னின் நுனியைத் தலைமேல் ஒரு நிமிடம் வைத்து, ஆறவிட்டுத் திருப்புங்கள். சூட்டில் விரிந்து ஆறும்போது சுருங்குவதால் துருவின் பிடி விடும். ஓக் மரத்திலுள்ள டானின் இரும்பை அரித்துக் கறுப்பாக்கும், அதனால் அதில் ஸ்க்ரூ தலை சட்டென்று ஒடியும், நிதானம் தேவை. எந்த ஸ்க்ரூ எந்தத் துளையிலிருந்து வந்தது என்று அட்டையில் படம் வரைந்து குத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

மூடித்தகட்டைத் திறந்ததும் எதையும் தொடாமல் போட்டோ எடுங்கள். லீவர்களை எடுக்கும் வரிசையில் ஒரு கம்பியில் கோத்து வையுங்கள். மாறிப் போட்டால் சரியான சாவியும் வேலை செய்யாது. உள்ளே பச்சையும் பழுப்புமாகப் பிசின் போல ஒட்டியிருப்பது பழைய எண்ணெயும் பாலிஷும் தூசியும் சேர்ந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, நன்றாகக் காயவிடுங்கள். பித்தளையைப் பளபளவென்று மெருகேற்றக்கூடாது. முத்திரையின் மெல்லிய எழுத்துகள் முதலில் அழிந்துவிடும். பாகங்களைத் திரும்பப் பொருத்தும்போது உரசும் இடங்களில் கிராஃபைட் பொடி கொஞ்சம் போதும். சாவித்துளை வழியே எண்ணெய் விடுவது பழக்கமாகிப் போன தவறு: மரத்தில் கறை இறங்கும், ஆறு மாதத்தில் தூசி சேர்ந்து மறுபடி பிசினாகும்.

ஸ்பிரிங் ஒடிந்திருந்தால் பழைய கடிகாரத்தின் மெயின் ஸ்பிரிங்கிலிருந்து அதே கனமுள்ள துண்டை வெட்டிப் பொருத்தலாம். கனம் கூடினால் லீவர் தூக்கமுடியாமல் சாவியின் பல் தேயும்.

சாவி செய்பவரிடம் பூட்டைக் கையோடு கொண்டுபோங்கள். குழலின் உள்விட்டம் பின்னுக்குச் சரியாக இருக்கிறதா என்பதுதான் முதல் சோதனை. தளர்ந்தால் சாவி ஆடும், லீவரைத் தூக்கும் உயரமும் மாறிக்கொண்டே இருக்கும். அடுத்து பல்லின் உயரம், பிறகு அகலம், அதன்பின் தடுப்புகளுக்கான காடி. கடைசியாகத்தான் லீவர் படிகள். மெழுகுவர்த்திச் சுடரில் பல்லைக் கரிபிடிக்கவைத்து உள்ளே விட்டுத் திருப்பினால் எங்கே உரசுகிறதோ அங்கே கரி அழிந்திருக்கும். அந்த இடத்தை மட்டும் இரண்டு மூன்று முறை அராவி, மறுபடி கரிபிடித்துப் பாருங்கள். மூடித்தகடு இல்லாமல் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு செய்தால் லீவரின் வாசல் முளைக்கு நேரே வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அராவியதைத் திரும்ப ஒட்டமுடியாது என்பதால் குறைவாக அராவுவதே நல்லது.

வேறு பூட்டு போட்டே ஆகவேண்டும் என்றால் அகலத்தையும் உயரத்தையும் மட்டும் அளந்துகொண்டு கடைக்குப் போகாதீர்கள். விளிம்புத் தகட்டின் மேல்மட்டத்திலிருந்து பின்னின் நடுப்புள்ளி வரை உள்ள தூரம்தான் முக்கியமான அளவு. பழைய பூட்டில் அது 1 அங்குலமாக இருந்து புதியதில் முக்கால் அங்குலமாக இருந்தால், பின்னின் இடம் கால் அங்குலம் மேலேறிவிடும். சாவித்துளையை நீட்டி வெட்டவேண்டியதாகும், முன்பலகையின் முகம் அங்கே கெட்டுவிடும். குழியைப் பெரிதாக்காமல் பொருந்துகிற பழைய பூட்டு கிடைக்கும்வரை காத்திருக்கலாம். கழற்றிய பூட்டைத் தூக்கி எறியாமல், ஸ்க்ரூக்களோடு துணியில் முடிந்து, எந்த இழுப்பறையினுடையது, எந்த ஆண்டு கழற்றியது என்று சீட்டு எழுதி அதே இழுப்பறைக்குள் வையுங்கள்.